அபு ஹுரைராவின் முழங்கால்கள்

தேயா மொல்லெசன் ஓர் எலும்பாய்வாளர். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். வடக்கு சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் இருந்த அபு ஹுரைரா என்ற பழைய ஊரிலிருந்து கிடைத்த 162 பேரின் எலும்புகளை ஆராய்ந்து, 1994இல் அதைப் பற்றி எழுதினார். அதில் அவர் முக்கியமாகப் பேசியது கால் கட்டைவிரலைப் பற்றி. கட்டைவிரல் பாதத்தோடு சேரும் மூட்டு பலருக்குச் சேதமாகியிருந்தது. விரல் மடங்கியே இருந்து இருந்து மூட்டின் முகப்பு தட்டையாகிவிட்டது. சிலருக்குக் குருத்தெலும்பு முழுக்கத் தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசியிருக்கிறது. முழங்காலில் எலும்பு கூடுதலாக வளர்ந்திருந்தது. தொடை எலும்பு வளைந்திருந்தது. மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு நசுங்கியிருந்தது. மேல்கையில் தோள் தசை பற்றும் இடம் புடைத்து நின்றது.

இவ்வளவையும் ஒரே உடம்புக்குக் கொண்டுவரக்கூடிய வேலை எது? தரையில் மண்டியிட்டு, கால் விரல்களை மடக்கி ஊன்றி, உடம்பின் பாரத்தையெல்லாம் இரண்டு கைகளில் இறக்கி, ஒரு கல்லின் மேல் இன்னொரு கல்லை முன்னே தள்ளிப் பின்னே இழுப்பது. அதாவது தானியம் அரைப்பது. ஆண் பெண் பாத எலும்புகளின் அளவு வேறுபடும் என்பதால், பாதிக்கப்பட்ட விரல்களை அளந்து பார்த்தார் மொல்லெசன். பெரும்பாலானவை பெண்களுடையவை.

உணவைத் தேடிச் சேகரித்து வாழ்ந்த மனிதர்கள் விவசாயிகளாக மாறியதைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். விதை, வயல், அறுவடை, களஞ்சியம், அப்புறம் கோயில், அரசன், எழுத்து என்று கதை நகர்ந்துவிடும். களஞ்சியத்துக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு கல் இருந்தது, அதன் முன் ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள் என்பது அந்தக் கதையில் வருவதே இல்லை. எனக்கோ அந்த மாற்றத்தின் பெரும் பகுதி அந்தக் கல்லின் முன்தான் நடந்தது என்று படுகிறது. அதனால் இந்தக் கட்டுரையை அபு ஹுரைராவை வைத்தே எழுதுகிறேன். மாற்றத்துக்கு முன்பும் பின்பும் ஒரே இடத்தில் மக்கள் வாழ்ந்த ஊர் அது. இப்படி ஓர் ஊர் கிடைப்பது அபூர்வம்.

அந்த ஊர் இன்று தண்ணீருக்கடியில் இருக்கிறது. தப்கா அணை கட்டும்போது, மூழ்கப்போகும் இடங்களைத் தோண்டிப் பார்க்கும்படி பல நாட்டு அகழாய்வாளர்களுக்கு அழைப்பு போனது. ஆண்ட்ரூ மூர் தலைமையிலான குழு 1972, 1973 என்று இரண்டே பருவங்கள் தோண்டியது. அதற்குப் பிறகு அசாத் ஏரி நிரம்பிவிட்டது. அவசரமாகச் செய்த வேலைதான், ஆனால் ஒரு விஷயத்தில் மிகப் பொறுமையாகச் செய்தார்கள். தோண்டிய மண்ணைக் கழித்துவிடாமல் தண்ணீர்த் தொட்டியில் கொட்டினார்கள். மண் அடியில் தங்கும், கருகிய விதைகள் மேலே மிதக்கும், அவற்றை நுண்ணிய சல்லடையில் பிடிக்கலாம். அடுப்பில் தவறி விழுந்து கருகியதால் மட்டுமே மக்காமல் தப்பிய விதைகள் அவை. தாவரத் தொல்லியலாளர் கோர்டன் ஹில்மேன் அந்த விதைகளோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து அடையாளம் கண்டார்.

முதல் ஊர் சுமார் 13,000 ஆண்டுகளுக்கு முந்தையது. தரையில் வட்டமாகப் பள்ளம் தோண்டி, கம்பு நட்டு, நாணல் வேய்ந்த சின்னச் சின்னக் குடிசைகள். சில நூறு பேருக்கு மேல் இருந்திருக்க வாய்ப்பில்லை. இவர்கள் எதையும் பயிரிடவில்லை, ஆனால் ஒரே இடத்தில்தான் வாழ்ந்தார்கள். விவசாயம் வந்ததால்தான் மனிதர்கள் ஓரிடத்தில் தங்கினார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வரிசை இங்கே தலைகீழாக இருக்கிறது. முதலில் தங்கினார்கள், விவசாயம் பிறகுதான் வந்தது. ஹில்மேன் அடையாளம் கண்ட தாவர வகைகள் 150க்கும் மேல். காட்டு ரை (கோதுமைக்கு உறவான ஒரு தானியம்), காட்டுக் கோதுமை, புல் விதைகள், ஆற்றோரக் கிழங்குகள், கொட்டைகள், பழங்கள். வருடத்தின் ஒவ்வொரு பருவத்திலும் பழுக்கும் ஏதாவது ஒன்று அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இறைச்சிக்கு கெசல் மான். ஊரில் கிடைத்த விலங்கு எலும்புகளில் ஏறத்தாழ 80 சதவீதம் அதனுடையதுதான். ஆண்டனி லெக், பீட்டர் ரௌலி-கான்வி இருவரும் அந்த மான்களின் பற்களைப் பார்த்து வயது கணித்தார்கள். பிறந்து சில நாளே ஆன குட்டிகள் இருந்தன, சரியாக ஒரு வயதுக் குட்டிகள் இருந்தன, பெரிய மான்கள் இருந்தன. நடுப்பட்ட வயதுக் குட்டிகள் மட்டும் ஏறக்குறைய இல்லை. வருடத்தில் ஒரே பருவத்தில், கோடை தொடக்கத்தில், குட்டி ஈன்ற கையோடு வடக்கே நகரும் கூட்டத்தை மறித்து மொத்தமாகக் கொன்றிருக்கிறார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. சில வாரங்கள் கடும் உழைப்பு, பிறகு உலர்த்திய இறைச்சி. ஒரு பல்லை வைத்து ஓர் ஊரின் நாட்காட்டியையே வாசித்துவிட்டார்களே என்று இதைப் படிக்கும்போதெல்லாம் பிரமிப்பாக இருக்கும்.

இந்த மக்களுக்கு அரைக்கவும் தெரியும். அரைக்கும் கல் விவசாயத்தைவிட மிகப் பழையது. கலிலேயாக் கடலில் 1989இல் நீர்மட்டம் இறங்கியபோது வெளிப்பட்ட ஒஹாலோ என்ற முகாமில், சுமார் 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய அரைக்கும் கல் கிடைத்தது. காட்டு பார்லியின் மாவுத்துகள் அதில் ஒட்டியிருந்தது. ஜோர்டானின் கறுப்புப் பாலைவனத்தில் ஷுபைக்கா என்ற இடத்தில், 14,400 ஆண்டுகளுக்கு முன் யாரோ சுட்ட ரொட்டியின் கருகிய துணுக்குகளை 2018இல் அறிவித்தார்கள். விவசாயம் தொடங்குவதற்குச் சுமார் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரொட்டி! ஆனால் அந்தக் காலத்தில் ரொட்டி அன்றாடச் சாப்பாடாக இருந்திருக்காது. அவ்வளவு பாடுபட்டுத் தினமும் யாரும் செய்ய மாட்டார்கள் என்பதால், விருந்துக்கும் விசேஷத்துக்கும் செய்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அதுதான் பொருத்தமாகப் படுகிறது. அரைப்பது அப்போது எப்போதாவது செய்யும் வேலை. நாளையும் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் பின்னால் வந்தது.

இந்த இடத்தில் ஜாக் ஹார்லனின் சோதனையைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்கத் தாவரவியலாளர். 1966இல் தென்கிழக்குத் துருக்கியின் கராஜாதாக் மலைச்சரிவுகளில் இன்னும் காடாக வளர்ந்துகிடக்கும் ஐன்கார்ன் கோதுமையைத் தன் கையாலும், சிக்கிமுக்கிக் கல் பதித்த அரிவாளாலும் அறுத்துப் பார்த்தார். மணிக்கு ஒரு கிலோ தானியம் கிடைத்தது. ஒரு குடும்பம் மூன்று வாரம் இப்படி உழைத்தால் வருடம் முழுக்கச் சாப்பிட்டாலும் தீராத தானியம் சேர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டார். பயிரிடாமலேயே! இந்தக் கணக்கை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், சேகரித்து வாழ்ந்தவர்களின் வாழ்க்கை எவ்வளவு சுலபம் என்று காட்டுவதற்கு. எனக்கு அதில் ஒரு குறை தெரிகிறது. மூன்று வாரம் என்பது அறுப்பதற்கு மட்டும்தான். ஐன்கார்ன் தானியம் உமியோடு இறுக்கமாக ஒட்டியிருக்கும். அதைக் குத்தி உமி நீக்க வேண்டும், புடைக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் அரைக்கலாம். மாவாக அரைத்து மொத்தமாகச் சேர்த்து வைக்கவும் முடியாது, காறிப்போகும், பூச்சி பிடிக்கும். உமியோடு இருந்தால்தான் தானியம் கெடாமல் நிற்கும். ஆக, அறுப்பது வருடத்துக்கு மூன்று வாரம், அரைப்பது வருடம் முழுவதும். அந்தக் கணக்கு இதில் சேரவில்லை.

சரி, இவ்வளவு வளமாக வாழ்ந்தவர்கள் ஏன் பயிரிடத் தொடங்கினார்கள்? சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் உலகின் வெப்பம் கூடிக்கொண்டே வந்த போக்கு திடீரென்று திரும்பியது. ஆயிரம் ஆண்டுக்கும் மேல் குளிரும் வறட்சியும் நீடித்தன. அபு ஹுரைராவின் விதைகளில் அது தெரிகிறது. தண்ணீர் அதிகம் வேண்டும் தாவரங்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. காடு பின்வாங்குகிறது. அதே சமயத்தில், உழுத நிலத்தில் முளைக்கும் களைகளின் விதைகள் கூடுகின்றன என்றார் ஹில்மேன். கையில் இருந்த ரையை மக்கள் தாங்களே விதைக்கத் தொடங்கியிருக்கிறார்கள், உலகின் முதல் பயிர்களில் அதுவும் ஒன்று என்பது அவர் கருத்து. எல்லோரும் அதை ஏற்கவில்லை. அவர் காட்டிய ரை மணிகள் சில மட்டுமே, களைகளாக அவர் கண்டவை மற்ற வழிகளிலும் வந்திருக்கலாம் என்ற வாதம் இன்னும் இருக்கிறது. என் மனம் ஹில்மேன் பக்கம் சாய்ந்தாலும், அந்தச் சில மணிகளின் மேல் ஒரு பெரிய கதையைக் கட்ட நான் தயாரில்லை. பின்னால் கோதுமையிலும் பார்லியிலும் நடந்தது தெளிவாகத் தெரிகிறது. அதைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

காட்டுக் கோதுமைக் கதிர் முற்றியதும் தானே உடைந்து சிதறும். ஒவ்வொரு மணியும் கூரான உமியோடு கீழே விழுந்து மண்ணில் புதையும். செடிக்கு அதுதான் பிழைக்கும் வழி. எப்போதாவது ஒரு செடியில் ஒரு மரபணுப் பிசகால் கதிர் உடையாமல் அப்படியே நிற்கும். காட்டில் அந்தச் செடிக்கு வாரிசு கிடையாது. ஆனால் அரிவாளோடு ஒருத்தி வருகிறாள். உதிர்ந்தது உதிர்ந்துபோக, அவள் கட்டில் சேர்வது நின்ற கதிர்கள். அவற்றில் கொஞ்சத்தை அடுத்த வருடம் விதைத்தால் உதிராத செடிகளின் பங்கு ஒரு துளி கூடும். யாரும் திட்டமிடவில்லை, யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ஹில்மேனே ஒரு கணக்குப் போட்டு, எல்லாம் சரியாக அமைந்தால் ஒன்றிரண்டு நூற்றாண்டுகளில், ஏன், அதற்குள்ளாகவே பயிர் மாறிவிடும் என்றார். கருகிய கதிர்த்தண்டுகளோ வேறு சொல்கின்றன. தானாக உதிர்ந்த மணியின் அடியில் தழும்பு வழவழப்பாக இருக்கும். அடித்துப் பிரித்த மணியில் பிய்ந்த தடம் இருக்கும். ஊர் ஊராக இந்தத் தழும்புகளை எண்ணிப் பார்த்ததில், உதிரும் கதிர் முழுக்க உதிராத கதிராக மாற 2,000 ஆண்டுகள்வரை ஆகியிருக்கிறது.

ஆரம்பத்தில் இருந்தவர்களுக்கும் முடிவில் இருந்தவர்களுக்கும் நடுவில் எத்தனை தலைமுறைகள்! தாங்கள் ஒரு வாழ்முறையை விட்டு இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க முடியாது. தன் அம்மா செய்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாக விதைத்தார்கள், கொஞ்சம் கூடுதலாக அரைத்தார்கள். அந்தக் கொஞ்சம்தான் சேர்ந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கதிர் உதிராமல் நின்றதால், மணியைப் பிரிக்கும் வேலை செடியிடமிருந்து மனிதரிடம் வந்தது. போரடிக்க வேண்டும், தூற்ற வேண்டும். பயிர் நம்மிடம் வந்தபோது அதன் வேலையும் கூடவே வந்தது.

அபு ஹுரைராவின் இரண்டாவது ஊர் சுமார் 10,500 ஆண்டுகளுக்கு முன் எழுகிறது. பள்ளக் குடிசைகள் இல்லை. பச்சை மண்செங்கல் சுவர், பல அறைகள் கொண்ட செவ்வக வீடுகள், இடையில் ஒடுங்கிய சந்துகள். வளர்ந்து வளர்ந்து கிட்டத்தட்ட 12 ஹெக்டேர் ஆகி, சில ஆயிரம் பேர் வாழ்ந்த ஊரானது. அந்தக் காலத்துக்கு அது மாநகரம். தொடக்கத்தில் இவர்களும் கெசல் வேட்டையை விடவில்லை. பயிர் ஒரு பக்கம், மான் ஒரு பக்கம் என்று நெடுங்காலம் ஓடியது. பிறகு எலும்புகளின் கணக்கு வேகமாகத் தலைகீழாகிறது. மான் 80 சதவீதமாக இருந்த இடத்தில் ஆடுகள் 80 சதவீதம். சிரிய, ஜோர்டானியப் பாலைகளில் இரண்டு நீண்ட கற்சுவர்கள் விரிந்து தொடங்கிக் குறுகி ஒரு வளைப்புக்குள் முடியும் பொறிகள் ஏராளமாகக் கிடக்கின்றன. 1920களில் விமானிகள்தான் அவற்றை முதலில் மேலிருந்து கவனித்தார்கள். மான் கூட்டங்களை அப்படிப்பட்ட பொறிகளில் தெற்கேயே அழித்ததால் வடக்கே வருவது நின்றிருக்கலாம் என்று லெக்கும் ரௌலி-கான்வியும் கருதினார்கள். மான் போனபின் இறைச்சிக்கும் தினசரிப் பராமரிப்பு தேவைப்பட்டது. மேய்க்க வேண்டும், தண்ணீர் காட்ட வேண்டும், பட்டியில் அடைக்க வேண்டும்.

மொல்லெசன் ஆராய்ந்த எலும்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ஊர்க்காரர்களுடையவை. அரைக்கும் கற்கள் வீட்டு அறைகளிலேயே கிடைத்தன. நம் அம்மியும் குழவியும் போன்ற அமைப்புதான். அம்மியில் நாம் அரைப்பது ஒரு வேளைக் குழம்புக்கான மிளகாயும் மல்லியும். அங்கே அரைத்தது வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் அன்றைக்கான முழுச் சாப்பாடு.

என் பாட்டி கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர்க்காரர். அவர் இளவயதில் தினமும் கம்பு குத்தியவர். அதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடியுமுன் கம்பில் தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் ஊறவிட்டு, உரலில் போட்டுக் குத்தி, சுளகில் புடைத்து உமியைத் தள்ளி, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, அப்புறம்தான் இடித்து உலையில் போட முடியும். ஆள் கிடைத்தால் எதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்களாம். "காட்டு வேலைக்குப் போனா உக்காரக் கொஞ்சம் நேரம் கெடைக்கும்த்தா, வீட்டுல கெடைக்காது" என்பார். அவருடைய உள்ளங்கைக் காய்ப்பு கடைசிவரை போகவில்லை. விவசாயம் என்றால் காட்டு வேலை, வீட்டில் நடப்பது வேலையில் சேராது என்ற நினைப்பு நம் ஊர்களில் இன்றும் இருக்கிறது. வரலாற்று ஆசிரியர்களிடமும் அது நெடுங்காலம் இருந்தது.

மொல்லெசனின் எலும்புகளில் இன்னும் சில செய்திகள் உண்டு. பற்கள் பயங்கரமாகத் தேய்ந்திருந்தன, பல உடைந்திருந்தன. அரைத்த மாவில் கல் துகளும் அரைபடாத முழு மணியும் கலந்திருந்ததன் விளைவு அது. பிந்திய காலத்தில் பல் உடைவது குறைகிறது. பின்னிய சல்லடையில் மாவைச் சலிக்கப் பழகியிருக்கிறார்கள். அதற்கும் பிறகு மண்பானை வருகிறது, கஞ்சி காய்ச்ச முடிகிறது, பல் தேய்மானம் இன்னும் குறைகிறது, பதிலுக்குப் பல் சொத்தை கூடுகிறது. சிலருடைய முன்பற்களில் குறுக்கே வரிப்பள்ளங்கள் இருந்தன. கூடையோ பாயோ பின்னும்போது நாரைப் பல்லில் கடித்து இழுத்தவர்கள். ஊரின் ஒரு பகுதியில்தான் இவர்கள் இருந்தார்கள் என்பதால், அந்தத் தொழில் சில வீடுகளுக்கே உரியதாகியிருக்கலாம். எல்லோரும் எல்லா வேலையும் செய்த காலம் முடிந்து, ஆளைப் பார்த்து வேலை பிரியும் காலம் தொடங்கியதை அங்கே பார்க்கிறோம்.

ஒரே ஒரு ஊரை வைத்து இப்படிப் பேசலாமா என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. 2017இல் அலிசன் மெக்கின்டாஷும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு அதைப் பெரிதும் தீர்த்தது. மத்திய ஐரோப்பாவின் முதல் விவசாயப் பெண்களின் எலும்புகளை, கேம்பிரிட்ஜில் தினமும் படகுத் துடுப்புப் பயிற்சி எடுக்கும் இன்றைய வீராங்கனைகளின் எலும்புகளோடு ஒப்பிட்டார்கள். கால் எலும்புகள் ஏறக்குறைய ஒன்று போலத்தான் இருந்தன. கை எலும்புகள், சுமார் 7,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அந்தச் சாதாரணக் கிராமத்துப் பெண்களுடையவை, வீராங்கனைகளுடையதைவிட 11 முதல் 16 சதவீதம் வலுவானவை. இன்றும் இப்படி அரைத்துச் சாப்பிடும் சமூகங்களில் பெண்கள் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்வரை கல்லின் முன் இருப்பதை அந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். அதற்கு முன்பெல்லாம் பழங்காலப் பெண்களின் எலும்பை அதே காலத்து ஆண்களின் எலும்போடு ஒப்பிட்டுவிட்டு, பெண்கள் அதிகம் உழைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆண் எலும்பு உழைப்புக்கு வேறு விதமாக எதிர்வினை காட்டும் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெண்ணைப் பெண்ணோடு ஒப்பிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்ற 2017 வரை ஆகியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது.

கஞ்சி என்று சொன்னேன். கஞ்சியால் குழந்தைகளின் வாழ்க்கையும் மாறியது. வேட்டையாடிச் சேகரித்து வாழும் சமூகங்களில் குழந்தை மூன்று நான்கு வயதுவரை பால் குடிக்கும். கலஹாரியில் வாழும் குங் மக்களிடையே ஒரு பிள்ளைக்கும் அடுத்ததற்கும் சுமார் நான்கு வருட இடைவெளி இருந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். இடுப்பில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடக்கும் பெண்ணால் இரண்டாவதைத் தூக்க முடியாது. ஓரிடத்தில் தங்கி, கஞ்சி கொடுத்து, பாலை முன்னதாக மறக்கடித்தால் அடுத்த கர்ப்பம் விரைவில் வரும். பிள்ளைகள் கூடினால் அரைக்க வேண்டிய மாவும் கூடும். அரைக்கும் வேலையிலேயே மூழ்கியிருப்பவளுக்குக் கைக்குழந்தையைச் சீக்கிரம் கஞ்சிக்குப் பழக்குவது தேவையாகிவிடும். இது ஒரு சுற்று. இதில் நுழைந்த பிறகு வெளியே வருவதற்கு வழி தெரியவில்லை. பழையபடி சேகரித்து வாழலாம் என்று ஒரு தலைமுறை நினைத்திருந்தாலும், கூடிவிட்ட அத்தனை வாய்களுக்கும் அந்தக் காட்டில் உணவு இருந்திருக்காது.

கூட்டம் பெருகியதும் நோயும் பெருகியது. இஸ்ரேல் கரையோரம் கடலுக்கடியில் இருக்கும் அத்லித் யாம் என்ற கிராமத்தில் ஓர் இளம்பெண்ணும் ஒரு வயதுக் குழந்தையும் ஒன்றாகப் புதைக்கப்பட்டிருந்தார்கள். சுமார் 9,000 ஆண்டுப் பழமை. இருவரின் எலும்பிலும் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடம் இருப்பதாக 2008இல் அறிவித்தார்கள். தாயும் பிள்ளையுமாகத்தான் இருக்க வேண்டும்.

சேமிப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோர்டானின் த்ரா என்ற இடத்தில் சுமார் 11,300 ஆண்டுகளுக்கு முந்தைய தானியக் கிடங்குகள் கிடைத்தன. ஈரமும் எலியும் அண்டாதபடி தரையை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவை வீடுகளுக்கு நடுவில், பொதுவில் இருந்தன. பிற்பாடு துருக்கியின் சத்தல்ஹூயுக் ஊரில் பார்த்தால், தானியக் குதிர்கள் வீட்டுக்குள் போய்விட்டன. கண்ணுக்குத் தெரிந்த பொதுச் சொத்து சுவருக்குப் பின்னால் மறைந்தது. தானியத்தைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரஸில் 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதரின் அருகிலேயே ஒரு பூனையைப் புதைத்திருக்கிறார்கள்.

அதே சத்தல்ஹூயுக்தான் என் வாதத்துக்கு ஒரு கடிவாளமும் போடுகிறது. பல ஆயிரம் பேர் வாழ்ந்த அந்த ஊரில் அரண்மனை இல்லை. வீடுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே அளவு. ஆண்களும் பெண்களும் ஒரே உணவைத்தான் உண்டார்கள் என்று எலும்பின் வேதியியல் காட்டுகிறது. ஒரே வீட்டுத் தரைக்கடியில் புதைக்கப்பட்டவர்களின் மரபணுவை ஆராய்ந்து 2025இல் வெளியிட்டபோது, வீட்டைத் தலைமுறைகளாக இணைத்தது பெரும்பாலும் தாய்வழி உறவு என்று தெரிந்தது. விவசாயம் வந்த உடனே பெண் தாழ்ந்தாள், ஆண் உயர்ந்தான் என்ற நேர்கோட்டுக் கதை அங்கே செல்லாது. மதிப்பு இருந்த இடத்திலும் வேலை பளுவாக இருக்கலாம். வீட்டின் தலைவியாக இருந்துகொண்டே ஒருத்தி முழங்கால் தேய அரைத்திருக்கலாம். அந்த வேலையைத் தாழ்ந்தவர் வேலையாக ஆக்கியது பின்னால் வந்த அரசுகள். எகிப்தில் சுமார் 4,400 ஆண்டுகளுக்கு முன் பிரபுக்களின் கல்லறைகளில் வைத்த சிறு சுண்ணாம்புக்கல் சிலைகளில், பணிப்பெண் மண்டியிட்டு அரைத்துக்கொண்டிருக்கிறாள். செத்த பிறகும் எஜமானுக்கு மாவு வேண்டும் என்று அவளையும் கூட அனுப்பினார்கள். சுற்றி அரைக்கும் திருகை வருவதற்கு இன்னும் 1,900 ஆண்டுகள் இருந்தன.

விவசாயம் மனிதகுலம் செய்த மிகப் பெரிய தவறு என்ற வாதம் 1980களில் இருந்து பிரபலம். அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஓர் அதிருப்தி உண்டு. தவறு என்றால் யாரோ முடிவெடுத்திருக்க வேண்டும். இங்கே முடிவெடுத்தவர் எவருமில்லை. நன்மையா தீமையா என்று மனிதகுலம் முழுமைக்கும் ஒரே மதிப்பெண் போடுவதால், அதற்கு யாருடைய உடம்பு விலை கொடுத்தது என்ற கேள்வி மறைந்துவிடுகிறது. அதைக் கேட்கத் தொடங்கினால், இன்றும் பார்க்கக் கிடைக்கும் சான்று ஒன்று இருக்கிறது.

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில் அக்தா மக்கள் வாழ்கிறார்கள். மீன் பிடித்தும் காட்டில் சேகரித்தும் வாழ்ந்தவர்களில் ஒரு பகுதியினர் இப்போது நெல் விளைவிக்கிறார்கள். ஒரே மக்கள், ஒரே நிலம், இரண்டு வாழ்முறைகள் பக்கத்துப் பக்கத்தில். அபிகெய்ல் பேஜும் சக ஆய்வாளர்களும் 2016இல் சொன்னது: ஓரிடத்தில் தங்கிவிட்ட தாய்மார்களுக்குப் பிள்ளைகள் அதிகம் பிறக்கின்றன, இறப்பதும் அதிகம், ஆனாலும் பிழைப்பவை கூட்டிப் பார்த்தால் அதிகம். உடல்நலம் குறைந்தாலும் எண்ணிக்கை கூடுகிறது. விவசாயம் எப்படிப் பரவியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை. நன்றாக வாழ்ந்ததால் அல்ல, அதிகமாகப் பெற்றதால் விவசாயிகள் உலகை நிறைத்தார்கள். அப்புறம் 2019இல் மார்க் டிப்ளும் குழுவினரும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். சேகரித்து வாழ்பவர்கள் வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரம் வேலை செய்கிறார்கள், பயிரிடுபவர்கள் சுமார் 30 மணி நேரம். அந்தக் கூடுதல் நேரத்தில் பெரும் பங்கு வீட்டைவிட்டு வயலுக்கு இழுக்கப்பட்ட பெண்களுடையது. விவசாயத்தில் ஆழமாக இறங்கிவிட்ட முகாம்களில் பெண்களுக்குக் கிடைத்த ஓய்வு, சேகரிப்பை விடாத முகாம்களில் கிடைத்ததில் பாதிதான்.